தாமான் நெகாராவில் பல நாள் நடை: புலியை விடுங்கள், ஈரத்தைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி (கிள்ளான் வாசகர், 2 மார்ச்)

நாங்கள் நால்வர். ஏப்ரல் கடைசியில் மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் நான்கு நாள் நடக்கப் போகிறோம். தண்ணீர் புகாத காலணி, முழங்கால் வரை வரும் மழை அங்கி, கத்தி எல்லாம் வாங்கியாகிவிட்டது. புலியோ யானையோ வந்தால் என்ன செய்வது என்பதுதான் வீட்டில் கவலை. மழை இல்லாத வாரமாகப் பார்த்துப் புறப்பட்டால் நனையாமல் முடித்துவிடலாம் என்கிறான் நண்பன். சரிதானா?

2 மார்ச், இரவு

நண்பன் சொல்வது நடக்காது. வானம் ஒரு துளி விடாவிட்டாலும் முதல் அரை மணி நேரத்தில் உங்கள் சட்டையைப் பிழியலாம். வியர்வைதான். காட்டுக்குள் காற்று அசைவதில்லை; இருக்கிற காற்றும் ஏற்கெனவே ஈரம் குடித்து நிற்கிறது. உடம்பிலிருந்து வடிவது உலர வழியில்லாமல் துணியிலேயே தங்கிவிடும். மழை அங்கியைப் போட்டால் உள்ளிருந்து நனைவீர்கள், கழற்றினால் வெளியிலிருந்து. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் புகாத காலணிக்கும் இதே கதிதான். கணுக்காலுக்கு மேல் ஓடுகிற ஆற்றில் ஒருமுறை இறங்கியதும் மேல்வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர மறுக்கும். அப்புறம் காலுக்கு ஒரு வாளியாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

புலிக்கு வருவோம். மலேசியத் தீபகற்பக் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. தாமான் நெகாரா மட்டுமே 4,343 சதுர கிலோமீட்டர். பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். புலி உங்களைப் பார்த்தாலும் பார்க்கும், நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள். வீட்டில் முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

கத்தி வேண்டாம். வழிகாட்டியிடம் பாராங் என்கிற காட்டு வெட்டுக்கத்தி இருக்கும்.

3 மார்ச்

நான்கு நாள் என்றீர்கள், எந்த நான்கு நாள் என்று சொல்லவில்லை. இங்கே அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு பயணங்கள் விற்கப்படுகின்றன.

ஒன்று கோலா தாகான் பக்கம். தெம்பிலிங் ஆற்றில் படகேறிக் கெனியாம் பக்கம் போய், கெப்பாயாங் பெசார் குகையில் ஓர் இரவு, விலங்கு பார்க்கக் கட்டிய கும்பாங் பரணில் ஓர் இரவு என்று தாழ்நிலக் காட்டிலேயே நடப்பது. ஏற்றம் குறைவு, சேறு அதிகம், அட்டை தாராளம். மற்றது மெராப்போ பக்கமிருந்து குனோங் தாகான் சிகரம், 2,187 மீட்டர், தீபகற்பத்திலேயே உயர்ந்தது. சுங்கை ரெலாவ் வாயிலிலிருந்து கோலா ஜூராம் வரை ஜீப்பில் விடுவார்கள், அதற்குமேல் கால்தான். கோர், பெர்மாத்தாங், குபாங், பெலுமுட், போன்சாய், போத்தாக் என்று முகாம்கள் மேலே மேலே போகும். பெலுமுட்டில் மரமெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். போன்சாய்க்கு வரும்போது மரங்கள் குட்டையாகிவிடும். போத்தாக்கில் ஒதுங்க நிழலே கிடையாது, இரவில் பற்கள் கிட்டிக்கொள்ளும். மழைக்காட்டுக்குக் குளிராடை எதற்கு என்று வெறும் சட்டையோடு வந்த ஒருவர், குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் என் மைத்துனர். இதைப் படிப்பார்.

கோலா தாகானிலிருந்தே சிகரத்துக்குப் போகும் பழைய வழியும் உண்டு. போய்வர ஒரு வாரம். மெலாந்தாய் முகாமைத் தாண்டியதும் 27 குன்றுகள் என்பார்கள். ஏறி இறங்குகிறவர்கள் யாரும் எண்ணுகிற நிலையில் இருப்பதில்லை. முதல் நடைக்கு அந்த வழி வேண்டாம்.

சிகரத்துக்கு வழிகாட்டி கட்டாயம். ஆண்டு இறுதி மழைக்காலத்தில் ஏற விடமாட்டார்கள். ஏப்ரல் நல்ல மாதம்தான், ஆனால் இரண்டு பருவமழைக்கு நடுவிலான காலம் என்பதால் பிற்பகலில் இடியோடு கொட்டும்.

4 மார்ச்

கிள்ளான் தம்பி பதில் எழுதியிருக்கிறார்: தாழ்நில வழிதானாம், குகையில் தூங்க வேண்டுமாம். "அட்டையை எப்படித் தடுப்பது?" என்பது அடுத்த கேள்வி.

தடுக்க முடியாது, குறைக்கலாம். நெருக்கமாக நெய்த அட்டை உறை என்று துணியில் விற்கிறார்கள். அதைக் காலுறைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அட்டை துணிக்கு வெளியே ஏறுவது கண்ணுக்குத் தெரியும், சுண்டிவிடலாம். உப்பு, புகையிலைத் தண்ணீர், சோப்பு என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். முதல் ஓடையில் எல்லாம் கழுவிப் போய்விடும்.

கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள், உப்பும் கொட்டாதீர்கள். பயந்துபோன அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கக்கூடும். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரமாக நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விடும். அப்புறம் அடுத்த முனை உங்கள் விரலைப் பிடிக்கும், உருட்டி எறியுங்கள். ரத்தம் உறையாதபடி எதையோ விட்டுவிட்டுத்தான் போகிறது, அதனால் நெடுநேரம் கசியும். பார்க்கப் பயங்கரம், வலி கிடையாது. இரண்டு நாள் கழித்து அரிக்கும். அந்த அரிப்பைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, கடியைவிட அதுதான் கொடுமை.

அட்டையை எடுத்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும் என்கிற பழமொழியைச் சொன்னவர் தாமான் நெகாராவில் தூங்கியிருக்க மாட்டார். இங்குள்ளவை மெத்தையைத்தான் நாடுகின்றன.

6 மார்ச்

ஈரத்தைப் பற்றி முழுதாகச் சொல்லவில்லை. நான்கு நாளும் நன்றாகப் போகுமா, முனகிக்கொண்டே போகுமா என்பதை முடிவு செய்வது இது ஒன்றுதான் என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

இரண்டு செட் துணி. ஒன்று நடப்பதற்கு, மற்றது தூங்குவதற்கு. தூங்கும் துணி, அதற்கான காலுறை, போர்வை மூன்றையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி முறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, முதுகுப்பையின் அடியில் வையுங்கள். பைக்கு மேலே போடும் உறையை நம்ப வேண்டாம். முதுகு வழியாக இறங்கும் வியர்வையை அது என்ன செய்யும்?

மாலையில் ஆற்றில் குளித்து, துடைத்து, உலர்ந்த துணிக்கு மாறுகிற அந்த நேரம்தான் ஒவ்வொரு நாளின் சம்பளம். கடினமான பகுதி மறுநாள் காலையில் வருகிறது. கயிற்றில் தொங்கும் நேற்றைய துணி உலர்ந்திருக்காது, சில்லென்று இருக்கும், புளித்த வாடை அடிக்கும். உலர்ந்த சட்டையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு அந்தச் சனியனை மாட்டத்தான் வேண்டும். "இன்று ஒரு நாள் உலர்ந்ததிலேயே நடக்கிறேன்" என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு அன்றிரவு இரண்டு செட்டும் ஈரமாக இருக்கும். குழுவுக்கு ஒருவர் இப்படி இருப்பார்.

மாட்டுவதற்கு முன் உதறுங்கள். வியர்வையில் உள்ள உப்புக்காகச் சிறு தேனீக்கள் துணியில் மொய்த்திருக்கும், அக்குளில் ஒன்று சிக்கிக்கொண்டால் தெரியும்.

பாதத்தை மறக்க வேண்டாம். நாளெல்லாம் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி, மூன்றாம் நாள் மடிப்பு மடிப்பாக உரியத் தொடங்கும். நடையை நிறுத்த வேண்டிவந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பாதத்தால் நிறுத்தியவர்கள்தான். காலையில் வாசலின் பூசுங்கள், இரவில் துடைத்துப் பவுடர் போட்டு உலர்ந்த காலுறை மாட்டுங்கள். தொடை இடுக்கிலும் அதே வாசலின். வெட்கப்பட்டால் மூன்றாம் நாள் கால்களை அகட்டி நடப்பீர்கள், அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஜீன்ஸ் எடுத்துப்போகலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். கூடாது.

9 மார்ச்

காலணி பற்றி ஒரு சேர்க்கை. அப்படியென்றால் எதைத்தான் போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வழிகாட்டிகளின் காலைப் பாருங்கள்: அடியில் புடைப்புகள் வைத்த கறுப்பு ரப்பர் சப்பாத்து, "கம்போங் அடிடாஸ்" என்று செல்லப்பெயர். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போனவர்கள் போட்ட அதே சப்பாத்து. சேற்றிலும் வேரிலும் வழுக்காது, ஆற்றைக் கடந்ததும் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் போய்விடும், விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஆனால் இரண்டு நாள் யோசித்தபின் எல்லாருக்கும் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன். அதில் கணுக்காலுக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. முன்பு கால் பிசகியவர்கள், கனத்த பை சுமப்பவர்கள், தடித்த அடிக்கே பழகிய பாதக்காரர்கள் சாதாரண வலைத்துணிக் காலணியோடு வரலாம், தண்ணீர் உள்ளே வந்த வழியே போய்விடும். ரப்பர் சப்பாத்துதான் என்றால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் பெருவிரல் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும்.

10 மார்ச்

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கேட்கிறார்: "அதிகாலை ஐந்துக்கே புறப்பட்டால் வெயிலுக்கு முன் பாதித் தூரம் போய்விடலாமே?"

ஐயா, இங்கே காலை ஐந்து மணி என்பது நடுநிசி. 1982ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து சூரியன் ஏழு மணியளவில்தான் எழுகிறது. மரங்களுக்கு அடியில் வேர் எது பாம்பு எது என்று தெரிய ஏழரை ஆகும். வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம், மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரையைத் தொடுகிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் படகோடு சரி. மாலை ஆறரைக்கு உள்ளே இருட்டிவிடும். அதற்குள் கூடாரம், குளியல், சமையல் முடிய வேண்டும். ஆகவே பிற்பகல் நான்கு மணிக்கு முகாமில் இருங்கள்.

வேகம்: மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போனால் நல்ல நடை. வரைபடத்தில் எட்டு கிலோமீட்டரைப் பார்த்து "இரண்டு மணி நேரம்" என்று சொல்லாதீர்கள். விழுந்த மரத்தின் அடியில் பையோடு தவழ்வதற்கே கால் மணி போகும்.

13 மார்ச்

"விலங்கே தென்படாது என்றால் எதற்குப் போவது?" ஈப்போ அக்காவின் கேள்வி. நியாயமானது.

காது கொண்டு வாருங்கள். விடியும்போது வெள்ளைக்கை கிப்பன்கள் என்கிற வாலில்லாக் குரங்குகள் கூவத் தொடங்கும். தொலைவில் ஒரு குடும்பம் இழுக்க, இன்னொன்று அதற்குப் பதில் சொல்லும். குவாவ் என்கிற பெரிய காட்டுக் கோழி, தன் பெயரையே சொல்லி நாள் முழுக்கக் கூப்பிடும், தோகையை ஒருநாளும் காட்டாது. மாலை ஆறு மணியளவில் ஒரு வகைச் சில்வண்டு சங்கு ஊதுவதுபோல் ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வழிகாட்டி நடையை எட்டிப் போடுவார், கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்.

அப்புறம் இருவாட்சிப் பறவை. அலகின் மேல் திண்ணென்ற கொம்புக் கவசம் கொண்ட பெரிய வகை. ஒரு "ஹூ", இடைவெளி, இன்னொரு "ஹூ", இடைவெளி குறுகிக் குறுகி வேகமெடுத்துக் கடைசியில் பைத்தியச் சிரிப்பாக வெடிக்கும். மலாய்க்காரர்களிடம் இதற்கு ஒரு கதை உண்டு. மாமியாரைப் பிடிக்காத ஒரு மருமகன், அவர் உள்ளே இருக்கும்போதே வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டினானாம். வீடு சரிந்ததும் சிரித்தானாம். அவனே இந்தப் பறவையானானாம். கேட்டபின் கதையை நம்பாமல் இருப்பது கடினம். என் மனைவியின் தாயார் இந்தக் கதையை ரசிக்கவில்லை.

கண்ணுக்கும் கொஞ்சம் உண்டு. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். தரையில் மக்கிய குச்சிகளும் இலைகளும் வெளிறிய பச்சையில் ஒளிரத் தொடங்கும், பூஞ்சையின் வேலை. ஒரு அங்குல நீளமுள்ள பெரிய காட்டெறும்புகள் விளக்கடியில் ரோந்து வரும். பயப்பட வேண்டாம், அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

பெரிய விலங்கு பார்க்க ஆசையென்றால் கும்பாங் பரணில் இரவு முறை வைத்து விழித்திருங்கள். உப்பு மண்ணை நக்க, குட்டித் துதிக்கை போன்ற மூக்குள்ள தாப்பிரோ கடமானோ வரலாம், வராமலும் போகலாம். எலிகள் நிச்சயம் வரும். யானையைப் பொறுத்தவரை, அது போட்டுப்போன சாணமும், சேற்றில் பதிந்த சட்டி அளவுக் குழிகளும் கிடைக்கும். புதிதாக இருந்தால் வழிகாட்டி பேச்சை நிறுத்துவார், நீங்களும் நிறுத்துங்கள்.

15 மார்ச்

வால்பாறைப் பக்கம் நடந்திருக்கிறேன், அது உதவுமா என்று கேட்ட கோவை நண்பருக்கு: பெரிதும் உதவும், குறிப்பாக அட்டையில். ஆனால் அங்கே மேடேறினால் வானம் தெரியும், எந்தப் பக்கம் பள்ளத்தாக்கு என்று புரியும். தாழ்நிலக் காட்டில் நான்கு நாளும் பத்து மீட்டருக்கு அப்பால் எதையும் பார்க்கமாட்டீர்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் சிலருக்கு அது மனதை அழுத்துகிறது. கோபமாக வெளிவரும்: சோறு வேகவில்லை, அவன் குறட்டை விட்டான், நீ ஏன் என்னை அழைத்துவந்தாய். நால்வராகப் போகிறவர்கள் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

18 மார்ச்

சரி, உண்மையிலேயே எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆறு. மேலே எங்கோ பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போது வந்து சேரும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் முன்தலை சுவராக வரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், இரைச்சல் மாறினால், அந்த நொடியே மேட்டுக்கு ஏறுங்கள். சோப்பு, துண்டு, கைப்பேசி எதையும் எடுக்க நிற்க வேண்டாம். ஆற்று மணலில் கூடாரம் போடுவது அழகாக இருக்கும், போடாதீர்கள். கடக்க வேண்டிய ஆறு பெருகியிருந்தால் காத்திருங்கள். ஒரு நாள் கூடுதல் உணவு அதற்குத்தான்.

மரம். மழைக்குப் பின் நீர் கோத்த கிளைகள் காற்றே இல்லாமல் முறிந்து விழும். கூடாரம் போடுமிடத்தில் தரையைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். பட்ட கிளை தலைக்கு மேலிருந்தால் வேறிடம்.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் பாம்பு, தேள் எல்லாம். எதைப் பிடிப்பதற்கு முன்னும் பாருங்கள். எங்கே உட்காருவதற்கு முன்னும் பாருங்கள்.

19 மார்ச்

விட்டுப்போனது: ரோத்தான், அதாவது பிரம்பு. ஆம், பள்ளியில் நமக்குப் பழக்கமானதேதான், இங்கே உயிரோடு இருக்கிறது. அதன் நீண்ட கொடியில் பின்னோக்கி வளைந்த முட்கள், சட்டையையோ காதையோ பிடித்துக்கொள்ளும். வேகமாக இழுத்தால் கிழியும். ஓரடி பின்னால் போனால் தானே விடும். வாத்தியாரிடமும் இதே உத்திதான் பலித்தது.

23 மார்ச்

பெண் வாசகர் ஒருவர் எழுதியது: "மாதவிடாய் நாளில் நடை விழுந்தால்? கூட வருபவர்கள் ஆண்கள். யாரிடமும் கேட்கத் தயக்கம்." இதை என் அக்காவிடம் கேட்டு எழுதுகிறேன், அவர் என்னைவிட உறுதியான நடைக்காரர்.

அவர் சொன்னது: போகலாம். ரத்த வாடைக்குப் புலி வரும் என்று குழுவில் யாராவது சொன்னால் அவரிடம் அடுப்பு, எரிவாயு இரண்டையும் சுமக்கக் கொடுங்கள். அணையாடைகளைக் காட்டில் புதைக்கக் கூடாது, விலங்கு தோண்டிவிடும். வெளியே தெரியாத கறுப்புப் பை, அதற்குள் கொஞ்சம் தேயிலைத் தூள், வாடை அடங்கும். அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள். மாதவிடாய்க் குப்பி பழகியவர்களுக்கு இன்னும் சுலபம், ஆனால் முதல் பரிசோதனையைக் காட்டில் செய்யாதீர்கள். ஒதுங்கப் போகும்போது ஊதல் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்; பாதையிலிருந்து இருபதடி விலகினாலே திசை குழம்பும். குழி ஒரு சாண் ஆழம், ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி.

கடைசி இரண்டும் ஆண்களுக்கும் பொருந்தும் என்று சேர்க்கச் சொன்னார்.

27 மார்ச்

எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்விக்கு: ஜெராண்டுட் வரை பஸ், அங்கிருந்து கோலா தாகானுக்குச் சாலை உண்டு. நேரமிருந்தால் கோலா தெம்பிலிங் துறையிலிருந்து நீண்ட மரப்படகில் போங்கள், இரண்டரை மூன்று மணி நேரம். மெராப்போவுக்கு ரயிலிலும் போகலாம்.

அந்த ரயிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் கொஞ்சம் தடம் மாறுகிறேன். கெமாசிலிருந்து தும்பாட் வரை காட்டை ஊடுருவிப் போகும் இந்தப் பாதை 1931இல் முழுமையானது. ஜப்பானியர் காலத்தில் இதன் பெரும்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் போட்டார்கள். தண்டவாளம் போன அதே திசையில் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கில் திரும்பவில்லை. என் தாத்தாவின் தம்பி அதில் ஒருவர். அவர்களுக்கும் மழைக்காடுதான், வெறுங்கால், கழிச்சல், காலரா. நாம் காசு கொடுத்து நான்கு நாள் நனைவதைப் பாட்டி கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. "அங்க போய் என்னத்தடா பாக்கப் போற" என்பார். பதில் சொல்லத் தெரிந்ததில்லை.

தடத்துக்குத் திரும்புகிறேன். படகில் பையைப் பிளாஸ்டிக்கில் கட்டுங்கள்.

30 மார்ச்

காய்ச்சல் பற்றி எழுதச் சொல்லி ஒரு மருத்துவ உதவியாளர் கேட்டுக்கொண்டார். சரியான நேரத்தில் கேட்டார்.

எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும். காலில் கீறல், வாய்க்குள் போன ஆற்று நீர், அது போதும். 2000ஆம் ஆண்டு சபாவில் ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டி நடந்தது. செகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சலில் விழுந்தார்கள். விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்த நோய்க்கான அறிகுறிகள். உடற்பயிற்சியில் ஊறிய மனிதர்கள் அவர்கள்.

இன்னொன்று குரங்கு மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா மலேசியாவில் 2018 முதல் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை இருக்கிறது, வேகமாக முற்றும்.

ஆகவே திரும்பி வந்து மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாக "காட்டில் நடந்து ஆற்றில் குளித்தேன்" என்று சொல்லுங்கள். எங்கள் குழு நண்பர் ஒருவரை ஒரு கிளினிக்கில் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து இருமுறை திருப்பி அனுப்பினார்கள். காடு என்ற சொல் மூன்றாவது முறைதான் யாரோ வாயில் வந்தது, ரத்தப் பரிசோதனையும் அன்றுதான் நடந்தது. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குடிநீரை வடிகட்டினாலும் கொதிக்க வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் குடியுங்கள், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் சேர்த்து.

2 ஏப்ரல்

உணவு. அரிசி, நெத்திலி, டின் மீன், மைலோ, பருப்புப் பொடி, ஊறுகாய். புளிப்பும் உப்பும் நாக்கு கேட்கும், இனிப்பு இரண்டாம் நாளே திகட்டும். கிள்ளான் தம்பியின் பட்டியலில் முழுத் தேங்காய் இரண்டு இருந்தது. யார் சுமப்பது என்று கேட்டேன், பதில் இல்லை.

சிகரம் ஏறுபவர்களுக்கு ஒரு தகவல்: நுழையும் முன் வனவிலங்குத் துறையினர் பையைக் கொட்டச் சொல்லி, பிளாஸ்டிக், டின், பேட்டரி எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்வார்கள். திரும்பும்போது தாளோடு சரிபார்ப்பார்கள். அதனால் பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்து ஒரே பையில் கொட்டி வருவது எழுதுபவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

5 ஏப்ரல்

வழியில் பாத்தேக் பழங்குடி மக்களின் குடிலைப் பார்க்க நேரலாம். இந்தக் காட்டில் இன்றும் இடம்பெயர்ந்து வாழ்கிறவர்கள். அது கண்காட்சி கிடையாது. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் நீட்டாதீர்கள். அவர்கள் நம்பிக்கையில் சில விலங்குகளைக் கேலி செய்து சிரித்தால் இடிக்கடவுள் கோபார் புயலைக் கிளப்புவார். ஒரு குரங்கைப் பார்த்துக் கெக்கலித்த எங்கள் குழுவினரை வழிகாட்டி அதட்டியபோது ஆளாளுக்கு நமட்டுச் சிரிப்பு சிரித்தோம். மாலையில் பெய்த மழை வழக்கமான மழைதான் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன், சற்றுச் சத்தம் குறைவாக.

8 ஏப்ரல்

சிரம்பானிலிருந்து: "அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. ஓர் இரவாவது காட்டில் தங்க ஆசைப்படுகிறார். வழி உண்டா?"

உண்டு. கோலா தாகானிலிருந்து கும்பாங் பரணுக்கு நடந்தால் பதினொரு கிலோமீட்டர், அது அவருக்கு வேண்டாம். தெம்பிலிங் ஆற்றோரம் உள்ள கோலா திரெங்கான் வரை படகில் போய் இறங்கினால் பரணுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த நடை, அம்மாவின் வேகத்தில் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஊன்றுகோல், அட்டை உறை, ஒரு மெல்லிய மெத்தை. பலகைக் கட்டில்கள் கடினமாக இருக்கும். படகுக்காரரிடம் மறுநாள் திரும்ப வரும் நேரத்தை இருமுறை சொல்லி உறுதி செய்யுங்கள், காட்டுக்குள் கைப்பேசி எடுக்காது. உணவுப் பையைக் கட்டிலில் வைத்துத் தூங்க விடாதீர்கள், உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள். எலிகள் கயிற்றிலும் இறங்கும், ஆனால் அம்மாவின் மேல் ஏறி வராது.

இரவு ஒரு மணிக்கு எழுப்பச் சொன்னால் எழுப்புங்கள். தாப்பிர் வந்தால் அந்த நேரத்தில் வரலாம்.